தாமஸ் மன்றோவின் குடும்பக் கடிதங்கள்

தாமஸ் மன்றோவின் குடும்பக் கடிதங்கள் என்பவை, பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய சர் தாமஸ் மன்றோ (1761–1827), ஸ்காட்லாந்தில் இருந்த தம் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் இந்தியாவிலிருந்து எழுதிய மடல்களின் தொகுதி ஆகும். இவற்றுள் தங்கை எர்ஸ்கினுக்கு எழுதப்பட்டவை பெரிதும் அறியப்பட்டவை. 1792 முதல் 1799 வரை மன்றோ சேர்வராயன் மலைக்கு வடக்கே, இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய பாராமகால் பகுதியில் வருவாய் அலுவலராகப் பணியாற்றினார். அக்காலத்தில் எழுதிய மடல்கள், பழைய சேலம் மாவட்டத்தின் நாட்டுப்புற வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகப் பழைய நேர்முகக் குறிப்புகளுள் அடங்கும்.

1830 இல் ஜார்ஜ் ராபர்ட் கிளீக் வெளியிட்ட மன்றோவின் வாழ்க்கை வரலாற்று நூலின் வழியே இம்மடல்கள் அச்சேறின. எழுதப்பட்ட காலம் விக்டோரியா அரசியின் ஆட்சிக்கு முற்பட்டது. ஆயினும் இவற்றைப் பரவலாக வாசித்துப் போற்றிய தலைமுறை விக்டோரியா காலத்ததே.

குடும்பப் பின்னணி

மன்றோ 1761 மே 27 அன்று கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் வணிகம் செய்து வந்தவர். தாய் மார்கரெட் ஸ்டார்க், மருத்துவர் வில்லியம் ஸ்டார்க்கின் உடன்பிறந்தவர். (உணவு வகைகளின் விளைவை அறியத் தம் உடலிலேயே சோதனை நடத்தி, 1770 இல் இளம் வயதில் இறந்தவர் இந்த ஸ்டார்க்.) கிளாஸ்கோவை அடுத்து கெல்வின் ஆற்றங்கரையில் அமைந்த நார்த் உட்சைடு என்னும் இடத்தில் குடும்பத்துக்கு ஒரு நாட்டுப்புற வீடு இருந்தது. ஆற்றில் நீந்தியும் அணைக்கட்டில் விளையாடியும் கழித்த அவ்விளமைப்பருவம் மடல்களில் பலமுறை நினைவுகூரப்படுகிறது.

அமெரிக்க விடுதலைப் போர் இக்குடும்பத்தின் செல்வத்தை அழித்தது. வர்ஜீனியா வணிகம் முறிந்து, தந்தை நொடித்துப் போனார். வணிகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மகன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து 1780 சனவரியில் சென்னை வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 18. வந்த புதிதிலேயே, ஊழியம் செய்வதாக வந்த ஒருவரிடம் நம்பிக் கொடுத்த துணிமணிகளை இழந்ததையும் அவர் வீட்டுக்கு எழுதினார்.

ஆகவே, இக்கடிதங்கள் வெறும் நலவிசாரணைகள் அல்ல. வறுமையில் விழுந்த வீட்டுக்கும், அவ்வீட்டைத் தாங்க வேண்டிய மகனுக்கும் இடையே இருந்த ஒரே தொடர்பு இவையே. இந்தியாவில் பணியாற்றிய உடன்பிறந்தவரான அலெக்சாண்டரும் தாமசும் சேர்ந்து, தந்தைக்கு ஆண்டுதோறும் 100 பவுண்டு அனுப்புவது என 1780களில் முடிவு செய்தனர். கீழ்நிலைப் படை அலுவலர் ஒருவரின் ஊதியத்தில் இது எளிய தொகை அன்று.

1789 ஆம் ஆண்டு மடல்

1789 சனவரியில் தங்கைக்கு எழுதிய மடல் இத்தொகுதியில் மிகவும் பெயர்பெற்றது. இந்தியா சென்றவர்கள் எல்லாம் பல்லக்கிலும் பட்டுத் திண்டிலும் வாழ்வதாக அக்காலத்தில் பிரித்தானியாவில் பரவலாக நம்பப்பட்டது. தங்கையும் அவ்வாறே எண்ணியிருக்கக் கூடும் என்று கருதி, மன்றோ தம் உண்மை நிலையை விவரிக்கிறார். பசி, தாகம், களைப்பு, வறுமை ஆகியவற்றை இந்தியாவுக்கு வந்த பின்னரே அறிந்ததாக அவர் கூறுகிறார். புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்து ஆண்டுக்கணக்கில் உறங்கியதையும், குறுக்காக நட்ட குச்சிகளின் மேல் விரித்த கித்தான் துணியே கட்டிலாக இருந்ததையும், குளிர்காலத்தில் பழைய மேற்சட்டையின் கைகளுக்குள் கால்களை நுழைத்துக் கொண்டு அதையே போர்வையாக்கியதையும் அம்மடலில் காணலாம். அன்றைய உணவு அரைகுறையாக அரைத்த மாவுக் கஞ்சி, மறுநாள் பெரும்பாலும் வாழைக்காய்ப் பண்டம் என்கிறார்.

மடல் முழுவதும் நகைச்சுவை ததும்புகிறது. துன்பத்தைச் சொல்லி இரக்கத்தைக் கோராமல், சிரிக்கச் சொல்லித் தங்கையின் கவலையைக் குறைக்க முயலும் அண்ணனின் குரல் இது. இருப்பினும் வீட்டுக்கு ஏன் கூடுதலாகப் பணம் அனுப்ப இயலவில்லை என்னும் விளக்கமும் அதன் அடியில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

பாராமகால் பணி

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டின் ஒரு பகுதியைக் கம்பெனிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் விட்டுக்கொடுத்தார். பாராமகாலும் சேலமும் கம்பெனியின் பங்கில் அடங்கின. படைத்தலைவர் அலெக்சாண்டர் ரீடு இப்பகுதியின் ஆட்சியை ஏற்றார். அவருக்கு உதவியாளர்களாக மன்றோ, மக்லியாட், கிரகாம் ஆகிய மூன்று படை அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். மன்றோ தருமபுரியை மையமாகக் கொண்ட நடுப்பிரிவைக் கவனித்தார். உள்ளூர் மொழிகளை அறிந்த குடிமை அலுவலர்கள் போதிய அளவில் இல்லாமையே படையினரிடம் வருவாய்ப் பணியை ஒப்படைத்தமைக்குக் காரணம்.

நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவருடனும் நேரடியாகத் தீர்வையை முடிவு செய்யும் வழக்கம் இங்கேதான் படிப்படியாக உருப்பெற்றது. பின்னர் இது ரயத்துவாரி முறை எனப் பெயர் பெற்றது. மன்றோ தொடக்கத்தில் இதில் முழு நம்பிக்கை கொண்டிருக்கவில்லை. ரீடின் சோதனைகளைக் கண்ட பின்னரே அதன் உறுதியான ஆதரவாளரானார். இவ்வரலாற்றின் அலுவல் பக்கத்தைச் சென்னை அரசு அச்சிட்ட பாராமகால் ஆவணத் தொகுதிகளில் விரிவாகக் காணலாம். குடும்பக் கடிதங்கள் காட்டுவது அதன் அன்றாடப் பக்கம்.

ஊர் ஊராகக் கூடாரத்துடன் சென்று தீர்வை முடிவு செய்யும் வேலையைப் பற்றி அவர் எழுதிய ஒரு மடல் குறிப்பிடத்தக்கது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே தம்மைச் சுற்றி ஒரு பத்துப்பன்னிரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதாகவும், காலை 7 மணி முதல் நண்பகல் வரை மக்கள் வந்தவண்ணம் இருப்பதாகவும், தமக்கென ஒரு நாழிகையும் இல்லை என்றும் அவர் கூறுகிறார். வந்தவர்களின் முறையீடுகளையும் அவர் குறித்துள்ளார். ஒருவர் தம் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு முன் பட்ட கடனின் கதையைச் சொல்கிறார். இன்னொருவர், போர்க்காலத்தில் தாம் ஊரில் இல்லாதபோது தம் உடன்பிறந்தவன் சொத்தைப் பறித்துக்கொண்டான் என்கிறார். மூன்றாமவருக்கு வழக்கமான தீர்வையைக் கட்ட முடியவில்லை. அவருடைய மனைவி இறந்துவிட்டார். அவள் தம் சிறந்த எருதைவிடக் கூடுதலாக உழைத்தவள் என்கிறார்.

இப்பகுதி தனிக் கவனத்துக்குரியது. ஸ்காட்லாந்து நாட்டு வீடொன்றுக்குக் குடும்பச் செய்தியாகச் செல்லும் மடலில், பெயர் அறியப்படாத பாராமகால் குடும்பங்களின் செய்திகளும் உடன் செல்கின்றன. கடன், பங்காளித் தகராறு, துணையின் சாவு என்னும் அம்மூன்றும் கிளாஸ்கோவுக்கும் அயலானவை அல்ல. மனைவியை இழந்தவரின் பேச்சை மன்றோ வேடிக்கையாகவே பதிவு செய்கிறார். ஆனால் அச்சொற்களில், போருக்குப் பிந்திய புன்செய்க் குடும்பங்களில் பெண்ணின் உழைப்பு எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதற்கும், ஒருவரின் சாவு ஒரு வீட்டின் தீர்வையையே நிலைகுலைக்கும் என்பதற்கும் சான்று கிடைக்கிறது. அக்குடியானவரின் தீர்வை குறைக்கப்பட்டதா என்பதை மடல் சொல்லவில்லை.

தருமபுரித் தோட்டம்

பாராமகால் ஆண்டுகளின் பிற்பகுதியில் மன்றோ தருமபுரிக்கு அருகே ஒரு தோட்டத்தை அமைத்தார். ஒருபுறம் உயர்ந்த மலைத்தொடரும் மறுபுறம் பழைமையான மாந்தோப்பும் அதற்குக் காவலாக இருந்தன. தோட்டத்தினுள் ஏறத்தாழ 100 அடிச் சதுரத்தில் கற்படிகளுடன் ஒரு குளம் வெட்டப்பட்டது. ஊற்று வளம் மிகுந்திருந்தமையால், செடிகொடிகளுக்கு நிறையப் பாய்ச்சிய பின்னும் 10 முதல் 12 அடி ஆழத்துக்குத் தெளிந்த நீர் நின்றது. ஆரஞ்சு, மா முதலிய இளங்கன்றுகள் செழித்து வளர்ந்தன, திராட்சையும் காய்த்தது. இவ்விவரங்கள் அனைத்தும் தங்கைக்கு எழுதப்பட்டவை. கெல்வின் ஆற்றில் நீந்திப் பழகிய அண்ணன், தருமபுரியில் தமக்கென ஒரு நீச்சல்குளத்தை அமைத்துக்கொண்டதாகத் தங்கை இதைப் படித்திருப்பாள்.

நான்காம் மைசூர்ப் போரில் 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மைசூரின் எதிர்காலத்தை வகுத்த ஆணையத்துக்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலர்களாகப் பணியாற்றினர். அதன் பின் மன்றோ மேற்குக் கரையிலுள்ள கன்னட மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார். பிரிவைப் பற்றித் தங்கைக்கு எழுதுகையில், பிறந்த வீட்டைவிட்டு வந்தபோது அடைந்ததைவிட மிகுந்த வருத்தத்துடன் பாராமகாலைவிட்டு நீங்கியதாகக் கூறுகிறார். அந்நாட்டின் ஒவ்வொரு மரமும் மலையும் தம்மைப் பிணித்திருந்தன என்பது அவர் கருத்து. புதிய இடத்தின் ஓயாத மழை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. 1800 இல் அவர் அங்கிருந்து விடுபட்டு, இன்றைய ராயலசீமையான ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களுக்குச் சென்று 1807 வரை பணியாற்றினார்.

இத்தோட்டப் பகுதியைப் படிப்பவர் அதில் இல்லாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குளத்தை வெட்டியவர்கள் யார், கல் சுமந்தவர்கள் யார், கவலை இறைத்தவர்கள் யார் என்பவை எழுதப்படவில்லை. அதே ஆண்டுகளில் அதே கைகளே தீர்வைக் கணக்குகளிலும் கையெழுத்திட்டன. மன்றோவின் நாட்டுப்பற்று போலியானது அன்று. ஆனால் அது ஆளுவோரின் நிழலில் வளர்ந்த பற்று என்பதை மறப்பதற்கில்லை.

கடிதங்கள் சென்ற வழி

சென்னையில் பொது அஞ்சல் அலுவலகம் 1786 இல் ஏற்படுத்தப்பட்டது. உள்நாட்டில் எழுதப்பட்ட மடல், தபால் ஓட்டக்காரர்களின் தோளில் கட்டம் கட்டமாகச் சென்னையை அடைந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் கப்பலுக்காகக் காத்திருக்கும். கடற்பயணம் ஏறத்தாழ ஐந்து, ஆறு மாதங்கள் நீடித்தது. ஒரு கேள்விக்கு விடை கிடைக்க ஓராண்டுக்கு மேலாகும். போர்க்காலங்களில் கப்பல்கள் பிடிபட்டமையாலும் புயலில் மூழ்கியமையாலும், முக்கிய மடல்களைப் படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கம் இருந்தது.

இத்தாமதமே மடல்களின் தன்மையைத் தீர்மானித்தது. உடனடிச் செய்திக்கு அதில் இடமில்லை. நோயைப் பற்றி எழுதினால், படிக்கும் நேரத்தில் நோயாளி குணமடைந்திருப்பார் அல்லது இறந்திருப்பார். எனவே எழுதுவோர் காலத்தால் கெடாதவற்றை நாடினர். இளமை நினைவு, நிலக்காட்சி, தோட்டம், மனிதர்களின் பேச்சு ஆகியவை மன்றோவின் மடல்களில் மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

விக்டோரியா காலத்தில் நிலைமை மாறியது. 1840 இல் பிரித்தானியாவில் ஒரு பென்னி அஞ்சல் முறையும், அதை ஒட்டிய ஆண்டுகளில் எகிப்து வழியாக நீராவிக் கப்பல் அஞ்சலும் வந்தன. 1854 இல் இந்தியா முழுமைக்குமான அஞ்சல்தலைகள் வெளியாயின. 1869 இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. மாதக்கணக்கு வாரக்கணக்காகக் குறைந்தது. மடல்களும் நீளம் குறைந்து எண்ணிக்கையில் பெருகின.

தாயகம் திரும்புதல்

1807 இன் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து புறப்பட்ட மன்றோ மறு ஆண்டு பிரித்தானியாவை அடைந்தார். ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பியவருக்கு அது தாம் விட்டுச்சென்ற ஊராக இல்லை. நார்த் உட்சைடுக்கு இருமுறை சென்று, இடைவிடாத மழையில் ஆற்றங்கரையில் தனியே நடந்ததையும், பழைய அணைக்கட்டின் மேல் நின்று, நீர் வழிவதையும் சருகுகள் உதிர்வதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்ததையும் தங்கைக்கு எழுதினார். தருமபுரித் தோட்டத்தில் அமர்ந்து கெல்வினை நினைத்தவர், கெல்வின் கரையில் நின்றபோது கடந்த நாட்களை நினைத்தார். தொகுதியில் உள்ள துயரமான மடல்களுள் இது ஒன்று.

1814 இல் ஜேன் கேம்பலை மணந்து மீண்டும் இந்தியா வந்தார். 1820 முதல் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பு வகித்தார். அக்காலக் குடும்ப மடல்களில் தங்கையின் இடத்தை மனைவி பெறுகிறார். 1827 சூலை 6 அன்று பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் பின்னர் சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டையிலுள்ள தூய மேரி தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. சென்னை அண்ணா சாலை அருகே தீவுத்திடலில் உள்ள, சேணமில்லாக் குதிரைமேல் அமர்ந்த சிலை பிரான்சிசு சாண்ட்ரி வடித்தது.

சேர்வராயன் மலையும் பின்வந்தோரும்

மன்றோ பாராமகாலில் இருந்தபோது ஏற்காடு ஐரோப்பியரின் குடியிருப்பாக இல்லை. சேர்வராயன் மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்ந்து வந்தனர். மலையின் பெயருக்குரிய சேர்வராயன் கோயில் அவர்களது வழிபாட்டிடம் ஆகும். மன்றோ ஆளுநராக இருந்த 1820களில்தான் சேலம் மாவட்ட ஆட்சியர் மாண்டேகு டண்டாசு காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரையும் பழமரங்களையும் அறிமுகப்படுத்தினார். அவருடைய மகள் மார்கரெட் காக்பர்ன் 1829 இல் சேலத்தில் பிறந்து, பின்னர் கோத்தகிரியில் வாழ்ந்து நீலகிரிப் பறவைகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். தாயகத்துக்கு மடல் எழுதிய தலைமுறையை அடுத்து, மலைகளையே தாயகமாகக் கொண்ட தலைமுறை உருவானதற்கு இக்குடும்பம் எடுத்துக்காட்டாகும்.

விக்டோரியா காலத்தில் ஏற்காடு காப்பித் தோட்டங்களும் மாளிகைகளும் நிறைந்த மலைவாழிடமாக வளர்ந்தது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான இராபர்ட் புரூசு ஃபூட் ஓய்வுக்குப் பின் அங்கு வாழ்ந்தார். அவர் மணந்தது, ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பீட்டர் பெர்சிவலின் மகளை.

ஒப்பிடத்தக்க தொகுதிகள்

விக்டோரியா கால இந்தியாவிலிருந்து உடன்பிறந்தோருக்கு எழுதப்பட்ட கடிதங்களில் எமிலி ஈடனுடையவை முதன்மையானவை. தலைமை ஆளுநர் ஆக்லந்து பிரபுவின் உடன்பிறந்தவரான அவர், 1837 முதல் 1840 வரை வட இந்தியாவில் அண்ணனுடன் மேற்கொண்ட பயணத்தை இங்கிலாந்தில் இருந்த சகோதரிக்கு எழுதினார். அவை 1866 இல் நூலாயின. பயணத்தின் இடையே கொடும் பஞ்சத்தையும் அவர் கண்டார். சென்னை மாகாணத்திலிருந்து எழுதியவர்களுள் ஜூலியா மெய்ட்லண்டு குறிப்பிடத்தக்கவர். 1836 முதல் 1839 வரை அவர் வீட்டுக்கு எழுதியவை 1843 இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தன.

இவ்விருவரும் கூர்ந்த பார்வையாளர்கள். நகைச்சுவையில் மன்றோவை விஞ்சுபவர்கள் என்றும் சொல்லலாம். ஆனால் அவர்கள் ஆட்சியாளரின் குடும்பத்தவராக வந்தவர்கள். குடியானவரின் கடனையும் பங்காளிச் சண்டையையும் தினமும் காதுகொடுத்துக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய நிலையில் இருந்தவர் மன்றோ ஒருவரே. பாராமகால் மடல்களின் தனித்தன்மை இதிலிருந்தே பிறக்கிறது.

பதிப்பும் பயன்பாடும்

கிளீக்கின் நூலில் அச்சானவை பெரும்பாலும் மன்றோ எழுதியவையே. தங்கையின் எண்ணங்களை அவருடைய விடைகளிலிருந்து ஊகித்தறிய வேண்டியுள்ளது. மேலும், கிளீக் படைவீரராக இருந்து பின் சமயப் பணியில் ஈடுபட்டவர். நாயகனின் நற்பண்பைக் காட்டும் நோக்குடன் நூலை அமைத்தவர். மடல்களைச் சான்றாகக் கொள்வோர் இதைக் கருத்தில் கொள்வது நன்று.

அலெக்சாண்டர் ஆர்பத்நாட் 1881 இலும் ஜான் பிராட்ஷா 1894 இலும் வெளியிட்ட நூல்கள் இம்மடல்களை விக்டோரியா கால வாசகரிடையே மீண்டும் பரப்பின. பர்ட்டன் ஸ்டைன் 1989 இல் வெளியிட்ட ஆய்வுநூல் மன்றோவைப் பேரரசை உருவாக்கியவர்களுள் ஒருவராக வைத்து மதிப்பிடுகிறது.